வழுக்கும் துணியில் தலையணை உறை: வெட்டுவதிலிருந்து கடைசித் தையல் வரை

சாட்டினிலோ பட்டிலோ தலையணை உறை தைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மெஷினைத்தான் திட்டுகிறார்கள். தையல் சுருங்குகிறது, நடுவில் தையல் விட்டுப்போகிறது, ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாகிறது. ஆனால் கோளாறு மெஷினில் உட்காரும் முன்பே நடந்து முடிந்திருக்கும். துணி கோணலாக வெட்டுப்பட்டிருக்கும். இல்லையென்றால் போர்வை தைத்த தடித்த ஊசி அப்படியே மெஷினில் இருக்கும்.

இங்கே சொல்லப்போவது ஜிப், பட்டன், நாடா எதுவும் இல்லாத உறை. ஒரே நீளத் துண்டை மடக்கித் தைப்பது. உள்ளே இருக்கும் மடிப்பு தலையணை வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும். ஓரத்துப் பிசிறை மூடும் ஓவர்லாக் தையல் தேவையில்லை, பிசிறு முழுவதும் தையலுக்குள்ளேயே அடைபட்டுவிடும்.

1. துணியை முடிவு செய்யுங்கள்

மேட்சிங் சென்டரில் போய் "சில்க் மாதிரி துணி" என்று கேட்டால் பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டினைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது தப்பில்லை. முதல் உறைக்கு அதுதான் நல்லது: விலை குறைவு, சுருங்காது, கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது. ரொம்ப மெல்லிய லைனிங் சாட்டின் மட்டும் வேண்டாம். கையில் கசக்கிப் பிடித்தால் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும்.

தினமும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கிற வீட்டில் அசல் பட்டு உறை தைக்காதீர்கள். எண்ணெய்க் கறைக்கு அடிக்கடி சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டியிருக்கும். பட்டு அந்தப் பாட்டைத் தாங்காது. பாலியஸ்டர் தாங்கும்.

பட்டு என்று சொல்லி விற்றதில் சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, சமையலறை மேடையில் தட்டு வைத்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஆறிய பிறகு தொடுங்கள்.

பீரோவில் கிடக்கும் பழைய பட்டுச் சேலையில் தைக்க நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள். மைசூர் கிரேப், சாஃப்ட் சில்க் இவற்றில் உடல் பகுதி நன்றாக வரும். ஜரிகைக் கரையையும் முந்தானையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகை கன்னத்தில் உரசும், முடியும் சிக்கும். கனமான காஞ்சிபுரம் சேலை இதற்குத் தோதில்லை.

பழைய சேலையென்றால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு இருந்த இடங்களை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டில் இத்துப்போயிருக்கும். இழுக்கும்போதே விண்டு வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். தைத்த பிறகு அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

2. முதலிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

புது ஊசி, 11 ஆம் நம்பர். துணி ரொம்ப மெல்லியது என்றால் 9. வீட்டு மெஷினில் பெரும்பாலும் 14 அல்லது 16 மாட்டியிருக்கும். அது வழுக்கும் துணியில் பெரிய ஓட்டை போட்டு நூலை இழுத்துவிடும். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், கடைகளில் ஓடும் பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தாது. வாங்கப் போகும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டு போங்கள்.

நூல், சாதாரண மெல்லிய பாலியஸ்டர் நூலே போதும். அடி நூல் சுற்றும் பாபினிலும் அதே நூலைப் புதிதாகச் சுற்றிக்கொள்ளுங்கள். பழைய பாபினில் மிச்சமிருக்கும் வேறு நூலோடு ஆரம்பித்தால் மேலும் கீழும் இழுவை வேறுபடும்.

கத்தரிக்கோல் துணிக்கென்றே வைத்திருப்பதாக இருக்க வேண்டும். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி சாட்டினைக் கடிக்குமே தவிர வெட்டாது. மெல்லிய குண்டூசி, டேப், நீள ஸ்கேல், ஒரு பழைய காட்டன் பெட்ஷீட், மெல்லிய டிஷ்யூ பேப்பர், கைத்தையல் ஊசி இவையும் வேண்டும்.

கோடு போட, தேய்ந்த சோப்புத் துண்டு நல்லது. மெழுகு சாக்பீஸ் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி பட்டதும் மெழுகு உருகி எண்ணெய்க் கறை போலத் தங்கிவிடும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரல் நுனி சொரசொரப்பாக இருந்தால் சாட்டின் நூல் அதில் மாட்டி இழுபடும். முந்தின இரவு கைக்கு எண்ணெய் தேய்த்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். கல் வைத்த மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

3. அளவெடுத்துக் கணக்குப் போடுங்கள்

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் தலையணை 17க்கு 27 இன்ச். அதை வைத்தே கணக்குச் சொல்கிறேன். உங்கள் தலையணையை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பஞ்சு அமுங்கிய பழைய தலையணை லேபிளில் போட்டிருக்கும் அளவில் இருக்காது.

முடிந்த உறை 18க்கு 28 இன்ச் இருக்கட்டும். நீளமும் அகலமும் ஒரு இன்ச் கூடுதல். அதற்கு மேல் தளர்வாகத் தைத்தால் இந்தத் துணியில் தலையணை உள்ளே நீந்தும்.

அகலம்: 18 இன்ச்சோடு, பக்கத் தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் ⅝ இன்ச். மொத்தம் 19¼ இன்ச்.

நீளம்: முன்பக்கம் 28, பின்பக்கம் 28, உள்மடிப்பு 8. ஆக 64. உள்மடிப்பு முனையை மடித்துத் தைக்க 1 இன்ச், வெளியே தெரியும் திறப்பு முனைக்கு 2½ இன்ச். மொத்தம் 67½ இன்ச்.

உள்மடிப்பை 8 இன்ச்சிலிருந்து குறைக்காதீர்கள். காட்டன் உறைக்கு 5 இன்ச்சே போதும். அங்கே துணியும் துணியும் பற்றிக்கொள்ளும். சாட்டினில் அந்தப் பிடிப்பு கிடையாது. துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று மடிப்பைச் சின்னதாக்கினால் நடு இரவில் தலையணை எட்டிப் பார்க்கும்.

44 இன்ச் அகலத் துணியில் 19¼ இன்ச் துண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வரும். அதனால் ஒரு ஜோடிக்கு 2 மீட்டர் வாங்குங்கள். கணக்குப்படி 1¾ மீட்டரே போதும்தான். ஆனால் கடையில் வெட்டியது கோணலாக இருக்கும், பட்டென்றால் சுருக்கமும் உண்டு.

58 இன்ச் அகலத் துணி கிடைத்தால் மூன்று உறை எடுத்துவிடலாம் என்று தோன்றும். மூன்று துண்டுக்கு 57¾ இன்ச் வேண்டும். இரண்டு பக்கக் கரை ஓரத்தை வெட்டிய பிறகு அது இருக்காது. இரண்டுதான் வரும்.

4. நனைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக்கொள்ளுங்கள்

வெட்டுவதற்கு முன் நனைப்பது கட்டாயம். பட்டு முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் தலையணை நுழையாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் போடுங்கள். சாயம் போகுமா என்று முன்னதாகவே ஒரு ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி தலையணைக்கு ஆகாது.

அடுத்தது, புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது: கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியைக் கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, முழுக்க ஆறவிட்டு, துணியை முக்கி எடுங்கள். காய்ந்ததும் வழுக்கல் பாதியாகக் குறைந்திருக்கும், துணி சொன்ன இடத்தில் நிற்கும். தைத்து முடித்து அலசினால் பழைய மென்மை திரும்பிவிடும். பாலியஸ்டரில் கஞ்சி அவ்வளவாகப் பிடிக்காது; கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

லேசான ஈரம் இருக்கும்போதே கெட்ட பக்கத்தில், அதாவது துணியின் உள்பக்கத்தில், மேலே ஒரு மெல்லிய வேட்டித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சில்க் அளவில் வைத்துத் தேய்க்கவும். பாலியஸ்டருக்கு அதற்கும் குறைவாக. காய்ந்த பட்டின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். சொட்டு விழுந்த இடம் திட்டாகத் தெரியும்.

5. தரையில் விரித்து, ஒற்றையாக வெட்டுங்கள்

ஃபேனை நிறுத்துங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கோடு போட்டு முடித்த துண்டு ஃபேன் காற்றில் அரை இன்ச் நகர்ந்தால் போட்ட கோடெல்லாம் வீண்.

பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் துணியைக் கெட்ட பக்கம் மேலே வரும்படி பரப்புங்கள். காட்டன் பெட்ஷீட் சாட்டினைப் பிடித்துக்கொள்ளும்; வெறும் மொசைக் தரையிலும் டைல்ஸிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கையால் இழுத்து நேராக்காமல் தூக்கித் தூக்கிப் போட்டு, தானாக விழவிடுங்கள். இழுத்து வைத்து வெட்டினால் விட்டதும் சுருங்கிக் கோணலாகும்.

கடையில் வெட்டிய ஓரத்தை நம்பி அளக்காதீர்கள். ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே குறுக்கே போகும் ஒரு ஊடை நூலைப் பிடித்து மெதுவாக உருவினால், துணியில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதுதான் நேர்கோடு. அங்கிருந்துதான் அளவு தொடங்க வேண்டும். நூல் நடுவில் அறுந்தால் அதுவரை வெட்டிவிட்டு, அடுத்த நூலைப் பிடியுங்கள்.

67½ இன்ச் நீளம் கரையோடு, அதாவது பாவு நூல் போகும் திசையில் வர வேண்டும். ஜோடி உறை என்றால் இரண்டு துண்டுக்கும் ஒரே முனையை உள்மடிப்பாக வையுங்கள். ஒன்றை மாற்றி வைத்தால் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போடும்போது ஒன்று வெளுத்தும் ஒன்று இருண்டும் தெரியும்.

துணியை இரட்டையாக மடித்து வெட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. மேல் துணி நகர்வது கண்ணுக்குத் தெரியும், அடித்துணி நகர்வது தெரியாது. ஒற்றையாகவே வெட்டுங்கள். கத்தரியின் கீழ் அலகு பெட்ஷீட்டை உரசியபடியே போகட்டும். துணியைக் கையில் தூக்காதீர்கள். பெட்ஷீட்டையும் சேர்த்து வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. மெஷினைத் தயார் செய்து, கழிவுத் துண்டில் தைத்துப் பாருங்கள்

தையல் நீளம் 2 முதல் 2½ மி.மீ. மேல் நூலின் டென்ஷனை, அதாவது இழுவையை, வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்த்துங்கள். பழைய கறுப்பு மெஷினில் மேலே, துணியைப் பிடிக்கும் பாதத்தை அழுத்தும் கம்பியின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதையும் கொஞ்சம் தளர்த்தினால் பாதம் துணியை அழுத்தி இழுப்பது குறையும்.

இந்த வேலைக்கு அந்தக் கறுப்பு மெஷின் ரொம்ப நல்லது என்பது என் கட்சி. நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷின் என்பதால் ஊசித் தகட்டில் ஓட்டை சின்னது. துணி உள்ளே போகாது. ஜிக்ஜாக் மெஷினின் அகல ஓட்டையில் மெல்லிய துணியின் முனை அப்படியே இறங்கிவிடும். அங்கே டிஷ்யூ பேப்பரை அடியில் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

வெட்டி மிஞ்சிய துண்டை இரண்டாக மடித்து ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். தையல் சுருங்கினால் மேல் டென்ஷனை இன்னும் தளர்த்தவும். அடியில் வளையம் வளையமாக நூல் வந்தால், பாதத்தைத் தூக்கிவைத்து மேல் நூலை முதலிலிருந்து கோர்க்கவும். பெரும்பாலும் கோர்த்ததில்தான் பிழை. தையலிலிருந்து பக்கவாட்டில் நூல் இழுத்த கோடுகள் ஓடினால் ஊசி முனை மழுங்கியிருக்கிறது. தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி முழுதாக மேலே ஏறவில்லை, அல்லது திரும்பியிருக்கிறது.

இது சரியாகும் வரை உறைத் துணியைத் தொடாதீர்கள். காட்டனில் பிரித்துத் தைக்கலாம். சாட்டினில் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே நிற்கும்.

7. முதலில் இரண்டு முனைகள்

பக்கத் தையலுக்கு முன்பே இரண்டு குறுகிய முனைகளையும் மடித்துத் தைத்துவிட வேண்டும். பக்கம் மூடிய பிறகு முனை மடிக்கப் போனால் குழாய் போன்ற வாய்க்குள் துணியைச் சுழற்றித் தைக்க வேண்டிவரும்; வழுக்கும் துணியில் அது வீண் பாடு.

உள்மடிப்பு முனை: கெட்ட பக்கமாக ½ இன்ச் மடித்துத் தேய்த்து, இன்னொரு ½ இன்ச் மடித்துத் தேய்த்து, மடிப்பு ஓரத்தை ஒட்டித் தைக்கவும்.

திறப்பு முனை: ½ இன்ச் மடித்து, பிறகு 2 இன்ச் மடித்துத் தைக்கவும். இது வெளியே தெரிகிற முனை. அகல மடிப்பு கொடுத்தால் கனம் கூடி நேராக விழும், ஓரம் சுருளாது.

தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் வாலையும் இடது கையால் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்கள். நூலை விட்டுவிட்டு நேராக மிதித்தால் துணி முனையும் நூலும் ஒன்றாக ஓட்டைக்குள் சிக்கும்.

8. மடக்கும் வரிசை

அதிகம் குழம்புவது இங்கேதான். மெதுவாகப் படியுங்கள்.

முனைகள் தைத்த பிறகு துண்டு 64 இன்ச் நீளம் இருக்க வேண்டும். உள்மடிப்பு முனையிலிருந்து 8 இன்ச்சில் ஒரு குறி, 36 இன்ச்சில் ஒரு குறி, இரண்டு ஓரத்திலும் போடுங்கள். நீளம் கொஞ்சம் குறைந்திருந்தால் 8 இன்ச்சை மாற்றாமல், மீதியைச் சரிபாதியாகப் பிரியுங்கள்.

துண்டைக் கெட்ட பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். 8 இன்ச் குறியில் உள்மடிப்பை உள்ளே மடக்குங்கள். அடுத்து 36 இன்ச் குறியில் மறுமுனையைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். திறப்பு முனை, 8 இன்ச் மடிப்புக் கோட்டின் மேல் சரியாக வந்து உட்கார வேண்டும்.

இப்போது பார்த்தால் தைத்து முடித்த உறை போலவே தெரியும்: நல்ல பக்கம் வெளியே, உள்மடிப்பு உள்ளே. அப்படித்தான் இருக்க வேண்டும். ஜாக்கெட் தைத்துப் பழகிய கை, நல்ல பக்கத்தை நல்ல பக்கத்தோடு சேர்க்கப் பார்க்கும். நாம் போடப்போவது இரண்டு முறை தைக்கும் பிரெஞ்சுத் தையல். முதல் தையல் வெளிப்பக்கம், இரண்டாவது உள்பக்கம். மாற்றிச் செய்தால் கடைசியில் பிசிறு வெளியே நிற்கும்.

ஓரங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள், ஓரத்திலிருந்து அரை இன்ச்சுக்குள் மட்டும். அதற்கு உள்ளே குத்தினால் துளை முகப்பில் தெரியும். பிறகு கையால், பின்னால் உருவிவிடக்கூடிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டுக் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். "அதான் குண்டூசி இருக்கே" என்று இதைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் கடைசியில் மேல் துணி நகர்ந்து ஒரு முனை நீட்டிக்கொண்டு நிற்கும்.

9. முதல் பக்கத் தையல்

ஓரத்திலிருந்து ¼ இன்ச் தள்ளி இரண்டு பக்கமும் தைக்கவும். இரண்டையுமே திறப்பு முனையிலிருந்து தொடங்குங்கள். வாய் ஓரம் இரண்டு பக்கமும் ஒட்டி வரும். திறப்பு முனையில் பல மடிப்புகள் சேர்ந்து தடிமனாக இருக்கும், அந்த இடத்தைச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். முன்னும் பின்னும் கை சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதும். இழுத்துத் தைத்தால் விட்டதும் தையல் கொசுவம் வைத்தாற்போல் சுருங்கும்.

தைத்ததும் தலையணையை நுழைத்துப் பாருங்கள். அடுத்த தையலில் அகலம் இன்னும் முக்கால் இன்ச் குறையும் என்பதை மனதில் வைத்து, இப்போது கொஞ்சம் தளர்வாக இருந்தால் சரி. அளவு தப்பியிருந்தால் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

10. ஓரம் குறைத்து, திருப்பி, இரண்டாவது தையல்

ஓட்டுத் தையலை உருவிவிட்டு, தையலுக்கு வெளியே இருக்கும் துணியை ⅛ இன்ச்சாக வெட்டிக் குறைக்கவும். மூலைகளில் இன்னும் கொஞ்சம் சாய்த்து வெட்டுங்கள். தொங்கும் நூல்களையும் நறுக்கிவிடுங்கள். இந்த வேலையை ஏனோதானோ என்று செய்தால் இரண்டாவது தையலுக்கு வெளியே மீசை போலப் பிசிறு எட்டிப் பார்க்கும்.

உறையைக் கெட்ட பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பக்கத் தையலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி, தையல் கோடு சரியாக ஓரத்துக்கு வரும்படி செய்து தேய்க்கவும். பிறகு ஓரத்திலிருந்து ⅜ இன்ச்சில் தைக்கவும். உள்ளே அடைபட்ட பிசிறு ⅛ இன்ச்தான், அதனால் தையல் அதைத் தொடாமல் தாண்டிப் போகும்.

திறப்பு முனையில் மட்டும் கெட்டித் தையல் வேண்டும். தலையணை நுழைக்கும்போது இழுபடுவது அந்த இடம்தான். ஓரத்திலேயே ரிவர்ஸ் போடாமல், அரை இன்ச் உள்ளே தொடங்கி, பின்னால் ஓரம் வரை வந்து, மறுபடி முன்னால் போங்கள்.

நல்ல பக்கம் திருப்பும்போது மூலைகளைக் கரண்டிக் காம்பால் தள்ளுங்கள். கத்தரி முனை வேண்டாம், ஒரே குத்தில் வெளியே வந்துவிடும்.

11. அலசிய பிறகுதான் கட்டிலுக்கு

கஞ்சியும் சோப்புக் கோடும் போகும் வரை பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, உள்பக்கமாகத் தேய்க்கவும். கஞ்சியோடு மடித்து பீரோவில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

தலையணை மேல் ஏற்கெனவே இருக்கும் காட்டன் உறையைக் கழற்ற வேண்டாம், அதற்கு மேலேயே மாட்டுங்கள். உள்ளே ஒரு பிடிப்பு கிடைக்கும், எண்ணெயும் பஞ்சு வரை இறங்காது. திறப்பு வழியாக உள்ளே விட்டு, தலையணையின் முனையை உள்மடிப்புக்கு அடியில் செருகிவிடுங்கள்.

தலையணையே மெத்தை மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் அடுத்த உறைக்குப் பின்பக்கத்தை மட்டும் காட்டனில் போடலாம். அப்போது 36 இன்ச் குறி இருக்கும் இடத்தில் இணைப்புத் தையல் ஒன்று வரும். சாட்டின் துண்டு, காட்டன் துண்டு இரண்டிலும் அந்த முனைக்கு ⅝ இன்ச் கூடுதலாக விட்டு, அதையும் பிரெஞ்சுத் தையலாகவே முதலில் தைத்துவிட்டு ஏழாவது படியிலிருந்து தொடருங்கள். காட்டனையும் வெட்டுவதற்கு முன் நனைத்துவிடுங்கள். அது சாட்டினைவிட அதிகம் சுருங்கும்.